அத்தியாயம் 6: தவறு திரையுடையதா, பாடத்துடையதா?

கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயனர் ஆய்வு, வடிவமைப்பு இன்டர்ன்ஷிப்

மூன்றாம் வகுப்புக் கணக்குச் செயலி. திரையில் 52 − 38. நான்கு பிள்ளைகள் விடையைத் தட்டுகிறார்கள். ஒருத்தி 26 என்கிறாள். ஒருவன் 24. இன்னொருத்தி 41. கடைசிப் பையன் 90. நான்கு பேருக்கும் சிவப்பு விழுகிறது. அலுவலகத்து டேஷ்போர்டில் நான்கும் 'தவறு' என்ற ஒரே பெட்டியில் ஏறிவிடுகின்றன.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் நான்கும் நான்கு கதை என்று தெரியும்.

26 போட்டவள், ஒன்றுகள் இடத்தில் 2-இலிருந்து 8 போகாது என்றதும், 8-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டாள். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. 24 போட்டவன் கடன் வாங்கினான், வாங்கிய பிறகு பத்துகள் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்தான். 41 போட்டவள் கணக்கைச் சரியாகவே செய்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றுகளை முதலில் முடித்து 4-ஐத் தட்டினாள், அடுத்து 1-ஐத் தட்டினாள். விடைப்பெட்டியோ இடமிருந்து வலமாக நிரம்பும் பெட்டி. அவளுடைய 14 அங்கே 41 ஆகிவிட்டது. 90 போட்ட பையன் கூட்டியிருக்கிறான். கழித்தல் குறி என்றால் என்னவென்று குழப்பமா, வெளிச்சம் குறைத்து வைத்த போனில் அந்தச் சின்னக் கோடு கண்ணில் படவில்லையா என்பதை அவனோடு உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் இரண்டும் பாடத்தில் உள்ள தவறு. மூன்றாவது திரையில் உள்ள தவறு. நான்காவது எதுவாகவும் இருக்கலாம். இன்டர்னாகச் சேர்பவர் கற்க வேண்டிய முதல் வேலை இவற்றைப் பிரித்தறிவது. ஃபிக்மாவில் கைவேகமும் அழகான ஸ்லைடுகளும் அதற்குப் பிறகு வரட்டும்.

பிள்ளைகளின் கணக்குத் தவறுகளில் ஒழுங்கு இருக்கிறது என்பது பழைய கண்டுபிடிப்பு. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் தவறுவதில்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று காட்டினார்கள். மேலே சொன்ன 26 அவர்கள் பட்டியலிட்ட வகைகளில் ஒன்று. அதனால், ஒரு பிள்ளை தவறாகத் தட்டும்போது 'ஐயோ' என்று நினைக்காதீர்கள். 'அப்படியா, எந்த விதியில் போகிறாய்?' என்று நினையுங்கள்.

மற்ற வடிவமைப்பு வேலைகளிலிருந்து இது பிரியும் இடம்

சாப்பாடு ஆர்டர் செய்யும் செயலியில் தட்டுபவரும் பணம் கட்டுபவரும் சாப்பிடுபவரும் ஒருவரே. பிரியாணி வந்துவிட்டால் வேலை முடிந்தது. படிப்புச் செயலியில் தட்டுவது பிள்ளை, போன் அப்பாவுடையது, வீட்டுப்பாடம் கொடுப்பது டீச்சர், வாங்குவது பள்ளி நிர்வாகமோ அரசோ. நான்கு பேருக்கும் நான்கு தேவை. 'பயனர்' என்று ஒருமையில் எழுதப்பட்ட எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் 'எந்தப் பயனர்?' என்று கேளுங்கள்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியம். மற்ற இடங்களில் எளிதாக்குவதே வடிவமைப்பாளரின் வேலை. இங்கே எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டால் பிள்ளை கற்க ஒன்றும் மிஞ்சாது. உளவியலாளர் ராபர்ட் பியார்க் 1994-இல் 'விரும்பத்தக்க சிரமங்கள்' என்ற கருத்தை முன்வைத்தார். நினைவிலிருந்து தோண்டி எடுப்பது, பாடங்களைக் கலந்து பயில்வது, இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்ப்பது ஆகியவை அந்த நேரத்தில் கஷ்டமாக இருந்தாலும் கற்றதை நிலைக்கச் செய்கின்றன. திரை தரும் சிரமத்தை நீக்குங்கள், பாடம் தரும் சிரமத்தைக் காப்பாற்றுங்கள். இரண்டையும் பிரிக்கத் தெரியாதவர் கையில் ரப்பர் கொடுத்தால் இரண்டையும் சேர்த்து அழித்துவிடுவார்.

கருவி கொடுப்பதும் கற்பிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இரண்டு ஆய்வுகளை நினைவில் வைத்திருங்கள். 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின்படி பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளுக்குக் கணினிகள் போயின. 319 பள்ளிகளை வைத்து அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவு: 15 மாதங்களுக்குப் பிறகு கணினிகள் பெருகியிருந்தன, கணக்கு, மொழித் தேர்வு மதிப்பெண்களில் உயர்வு தென்படவில்லை. மற்றது டெல்லியில் நடந்தது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்திய மாலை நேர மையங்களைப் பற்றி கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. 619 மாணவர்கள், சுமார் நாலரை மாதம். கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அந்த மென்பொருள் பிள்ளையின் வகுப்பை வைத்துப் பாடம் தரவில்லை, பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தந்தது. நீங்கள் 26-ஐயும் 41-ஐயும் பிரித்துக் காட்டுவது அதே வேலையின் சிறிய வடிவம்.

சேரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

- களத்துக்கு அனுப்புவார்களா? வாரத்துக்கு எத்தனை நாள்? போக்குவரத்துச் செலவு யாருடையது?
- உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்த ஒரு மூத்தவர் இருக்கிறாரா?
- பாடத்திட்டக் குழுவோடு பேச வழி உண்டா? (இல்லை என்றால் பாடத்தின் தவறைச் சொல்ல ஆள் இருக்காது.)
- உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில்?
- முடிந்த பிறகு எதை போர்ட்ஃபோலியோவில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது?

கடைசிக் கேள்வியின் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம்: நாற்காலியில் செய்யும் வேலை

பத்து வார இன்டர்ன்ஷிப் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் செயலியை நீங்களே பயன்படுத்துங்கள். புது போனில் வேண்டாம். 2 ஜிபி ரேம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன், ஓரத்தில் கீறல் விழுந்த திரை, வைஃபை இல்லாமல் சிம் டேட்டா. எங்கே 'சுத்திக்கிட்டே இருக்கு', எங்கே 'ஹேங் ஆகுது' என்பது அப்போதுதான் தெரியும். பிளே ஸ்டோரில் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். வாடிக்கையாளர் உதவிக்கு வந்த அழைப்புகளைப் பற்றி, அந்த அழைப்புகளை எடுப்பவரிடமே கேளுங்கள். நிறுவனத்தில் பயனரை அதிகம் அறிந்தவர் பல நேரம் அவர்தான். யாரும் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

இரண்டாம் வாரம் ஆய்வுக் கேள்வியை எழுதுங்கள். 'பிள்ளைகளுக்குச் செயலி பிடித்திருக்கிறதா?' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. 'கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகளில் விழும் தவறுகளில் எவை விடைப்பெட்டியால் வருகின்றன?' என்பது ஆகும். கேள்வியைப் படித்தவுடன் யாரை, எங்கே, என்ன செய்யும்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கேள்வி சரியாக அமைந்திருக்கிறது.

போன் யார் கையில், எத்தனை நேரம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிராமப்புற இந்தியாவில் வீடு வீடாக எடுக்கப்படும் அசர் கல்வி நிலை அறிக்கை, 2024-இல் 14 முதல் 16 வயதினரிடம் இதைக் கேட்டது. போன் இயக்கத் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் அதைப் படிப்பு சம்பந்தமாகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம். உங்கள் செயலி போட்டியிடுவது இன்னொரு படிப்புச் செயலியோடு என்று நினைத்துவிடாதீர்கள்.

பள்ளிக்குள் நுழைவது

தெரிந்த தலைமை ஆசிரியர் 'வாங்க, பார்த்துக்கலாம்' என்று சொல்வார். அரசுப் பள்ளி என்றால் அது போதாது. கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா, அது வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தெரியுமா என்று நிறுவனத்தில் கேட்டு, நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் நீங்கள் கிளம்பிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தலைமை ஆசிரியர்.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள். சாப்பாட்டு மணிக்கு முந்தைய பீரியடையும் தவிருங்கள், பசித்த பிள்ளை எதையும் தட்டிவிட்டு ஓடப் பார்க்கும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர் தரவைத் திரட்டப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். படம் எடுத்தால் விரலும் திரையும் மட்டும், முகம் வேண்டாம். குறிப்பேட்டில் பெயர் எழுதாமல் 'மூ.வ.-3' என்பதுபோல் குறியீடு போடுங்கள். பெற்றோர் சரி என்றாலும் பிள்ளை 'வேணாம்க்கா' என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

பையில் வைத்துக்கொள்ள: பழைய போன் இரண்டு, பவர் பேங்க், வெள்ளைத் தாள், தடித்த ஸ்கெட்ச் பேனா, ஒரு சிலேட்டு, நாலு பலப்பம். உங்கள் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோங்கள்.

பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது

'மிஸ்' என்றோ 'சார்' என்றோ கூப்பிட விடாதீர்கள். அந்தச் சொல் விழுந்தவுடன் பிள்ளைக்கு அது பரீட்சை. 'அக்கா', 'அண்ணா' போதும். நாற்காலியில் நீங்கள், தரையில் பிள்ளை என்று இருந்தால் நீங்களும் தரைக்கு இறங்குங்கள். எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள்.

தொடங்கும்போது இப்படிச் சொல்லலாம்:

"இந்த கேமை நாங்கதான் செஞ்சோம். செஞ்சதுல எங்க தப்பு இருக்குன்னு எங்களுக்கே தெரியல. நீ விளையாடு, நான் பாக்குறேன். உனக்கு எங்கயாவது புரியலேன்னா அது எங்க தப்பு. மார்க்கெல்லாம் கிடையாது. டீச்சர்கிட்ட சொல்லவும் மாட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும்.

பெரியவர்களிடம் 'மனசுல ஓடுறதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே செய்யுங்க' என்று கேட்பது வழக்கமான முறை. எட்டு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டால் வாயடைத்துப் போகும். அதற்குப் பதில் இரண்டு தோழிகளைச் சேர்த்து உட்கார வையுங்கள். 'ஏய், அதைத் தொடாதே, பச்சை வரட்டும்' என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். இன்னொரு வழி: விளையாடி முடித்த பிள்ளையை அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கும்போது எதை விட்டுவிடுகிறதோ அது அதற்குப் புரியாதது, அல்லது தேவைப்படாதது.

பிள்ளை திணறும்போது உங்கள் விரல் துடிக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். 'இப்போ என்ன பண்ணப் போற?' என்று மட்டும் கேளுங்கள். 'அந்த பச்சை பட்டனை அமுக்கலாமா?' என்று கேட்டால் நீங்கள் விடை சொல்லிவிட்டீர்கள், அந்தப் பதிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

'பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீர்கள். பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லும். ஜேனட் ரீடும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளின் கருத்தை அறிய ஐந்து முகப் படங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் மிகச் சிரிக்கும் முகத்தையே தொட்டார்கள். அதே குழு வைத்த இன்னொரு கருவி இதைவிடப் பயன்படும்: செய்த விளையாட்டுகளை வரிசையாகக் காட்டி, 'இதைத் திரும்பச் செய்வியா? ஆமா, தெரியல, மாட்டேன்' என்று கேட்பது. சாக்லேட் கொடுப்பதாக இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு, டீச்சரைக் கேட்டுக்கொண்டு, வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் எல்லாப் பதிலும் இனிக்கும்.

குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: பார்த்தது, கேட்டது, நான் நினைப்பது. '4 தட்டினாள், 1 தட்டினாள், திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்' என்பது பார்த்தது. 'நான் பதினாலுதானே போட்டேன்' என்பது கேட்டது. 'பெட்டி நிரம்பும் திசையால் குழப்பம்' என்பது நீங்கள் நினைப்பது. மூன்றும் கலந்துவிட்டால் ஒரு வாரம் கழித்து எது உண்மை என்று உங்களுக்கே தெரியாது.

சிலேட்டுச் சோதனை

சிலேட்டு இங்குதான் தேவைப்படுகிறது. திரையில் செய்த அதே வகைக் கணக்கை எண்களை மட்டும் மாற்றிச் சிலேட்டில் கொடுங்கள். நான்கு முடிவுகள் வரலாம்.

1. சிலேட்டில் சரி, திரையில் தவறு. இது திரையின் தவறு. 41 இந்த வகை. உங்கள் குழு உடனே திருத்தலாம்.

2. சிலேட்டிலும் தவறு, திரையிலும் அதே மாதிரித் தவறு. இது பாடத்தில் உள்ள தவறு. 26-உம் 24-உம் இந்த வகை. பட்டனை எத்தனை முறை நகர்த்தினாலும் தீராது. பாடத்திட்டக் குழுவுக்குப் போக வேண்டியது.

3. இரண்டிலும் சரி. நன்று. ஆனால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பாருங்கள். சிலேட்டில் அரை நிமிடம் ஆன கணக்கு திரையில் இரண்டு நிமிடம் எடுத்தால் அதுவும் ஒரு கண்டுபிடிப்பு.

4. திரையில் சரி, சிலேட்டில் தவறு. நான்கில் இதுதான் ஆபத்தானது. டேஷ்போர்டில் இது வெற்றியாகத் தெரியும், யாரும் தேட மாட்டார்கள்.

நான்காவதில் நானே விழுந்திருக்கிறேன். என் முதல் இன்டர்ன்ஷிப்பில், பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று ஒரு குறிப்புப் பட்டன் வடிவமைத்தேன். கடன் வாங்க வேண்டிய இடத்தில் தட்டினால் 5 அடிபட்டு 4 ஆகும், 2 பெருகி 12 ஆகும், எல்லாம் திரையே செய்துவிடும். சரியான விடைகள் விறுவிறுவென்று ஏறின. கேக் வெட்டாத குறை. அடுத்த வாரம் பயிற்சி மையம் ஒன்றில் ஒரு டீச்சர் சிலேட்டை நீட்டி, "இதுல போடச் சொல்லுங்க தம்பி" என்றார். ஒரு பிள்ளையும் போடவில்லை. ஒருவன் சிலேட்டின் மூலையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பட்டனைத் தேடுகிறான் என்பது புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. நான் நீக்கியது பாடத்தின் சிரமத்தை.

நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளிலும் இதே கண்ணி உண்டு. கண்ணை மூடித் தொட்டாலே நாலில் ஒரு பங்கு சரியாகும். பச்சை வரும்வரை தொட்டுக்கொண்டே போக விட்டால் எல்லாமே சரியாகும்.

தமிழ்த் திரையின் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுத் தமிழை ஊற்றும் செயலிகளில் திரையின் தவறுகள் கொத்துக்கொத்தாகக் கிடைக்கும்.

எழுத்தை எண்ணுவது. 'யானை' என்பது பிள்ளைக்கு இரண்டு எழுத்து: யா, னை. கணினியின் ஒருங்குறிக் கணக்கில் ய, கால், ன, ஐகாரக் குறி என நான்கு. கவனிக்காத நிரலாளர் யானைப் படத்தின் கீழே நான்கு காலிக் கட்டங்கள் போட்டுவிடுவார். பிள்ளை இரண்டு எழுத்தை எழுதிவிட்டு மீதியைப் பார்த்து விழிக்கும். எழுத்துகளைக் கலைத்துப் போடும் விளையாட்டில் 'கொ' உடைந்து கால் தனியாக உருண்டு கிடப்பதையும் பார்க்கலாம்.

பட்டனில் உள்ள சொல். 'அமைப்புகள்' என்று பார்த்தால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது, 'செட்டிங்ஸ்' தெரியும். 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்காமல் இரண்டு வரியாக மடியும். 'முடிச்சாச்சு' என்று போட்டுச் சோதித்துப் பாருங்கள். எந்தச் சொல் சரி என்று கூட்டத்தில் வாதாட வேண்டாம், பத்துப் பிள்ளைகளிடம் காட்டி 'இதைத் தொட்டா என்ன ஆகும்?' என்று கேளுங்கள்.

குரல். 'கீழ்க்கண்டவற்றுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க' என்று செய்தி வாசிப்பவர் குரலில் ஒலித்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை கேள்வியிலேயே நின்றுவிடும். கணக்கு தெரிந்தும் தவறும்.

உச்சரிப்பு. சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு மதிப்பிடும் செயலிகள் வந்துவிட்டன. 'வாழைப்பழம்' என்பதைத் தென்மாவட்டத்துப் பிள்ளை 'வாளப்பளம்' என்று வாசிக்கும். சிவப்பு விழுகிறது. பிள்ளை எழுத்தை அடையாளம் கண்டது, சொல்லைப் புரிந்துகொண்டது, தன் ஊர் வாயால் சொன்னது. வாசிப்புத் திறனைத்தான் அளக்கிறோம் என்றால் இங்கே தவறே நடக்கவில்லை. உச்சரிப்பையும் அளக்க வேண்டுமா என்பதைத் தமிழாசிரியர் முடிவு செய்யட்டும். ஒலியை அடையாளம் காணும் நிரல் அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது.

டீச்சரும் பெற்றோரும்

டீச்சரிடம் 'எங்க செயலி எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்குங்க' என்பார். 'நேத்து முதல் பீரியட் எப்படிப் போச்சு டீச்சர்? மணி அடிச்சதுல இருந்து சொல்லுங்க' என்று கேளுங்கள். வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம், பதிவேற்ற வேலை எல்லாம் வரிசையாக வரும். அந்த வரிசையில் உங்கள் அறிக்கைப் பக்கத்தைத் திறக்க எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கிறது என்பது அப்போது தெரியும். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது வரைபடம் இல்லை. 'இந்த ஆறு பேருக்குக் கடன் வாங்குறது புரியல' என்ற ஒரு வரி.

பெற்றோரைப் பார்க்க மாலை ஏழுக்கு மேல் போங்கள், போனும் அப்போதுதான் வீட்டுக்கு வரும். எங்கே வைக்கிறார்கள், யார் முதலில் எடுக்கிறார்கள், பேட்டரி எவ்வளவு மிச்சம், பூட்டைத் திறப்பது யார் என்று பாருங்கள். 'தினம் அரை மணி நேரம் படிக்கிறான்' என்பது கேட்டது. போனில் பதிவான நேரம் பார்த்தது. இரண்டும் வேறானால் அவரைத் திருத்த வேண்டாம், எழுதிக்கொண்டு வாருங்கள்.

குறிப்பிலிருந்து வடிவத்துக்கு

ஐந்தாம் வாரம் குறிப்புகளை ஒட்டுத்தாள்களில் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒத்தவை ஒன்றுசேரட்டும், பெயரைப் பிறகு வையுங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா வகுத்த முறை இது. தலைப்புகளை முதலில் எழுதிவிட்டுத் தாள்களை அதற்குள் திணித்தால், களத்துக்குப் போகும் முன் நினைத்ததையே திரும்பக் கண்டுபிடிப்பீர்கள். படிப்புச் செயலிக்கு நான் சேர்த்துக்கொள்ளும் ஒன்று: ஒவ்வொரு தாளின் மூலையிலும் 'தி' (திரை), 'பா' (பாடம்), '?' என்று ஒரு குறி. கேள்விக்குறிகள் அதிகமாக இருந்தால் இன்னொரு முறை களத்துக்குப் போக வேண்டும்.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கணக்குப்படி ஐந்து பேரிடம் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும். ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதச் சிக்கலைக் காட்டுவார்கள் என்ற அடிப்படையில் வந்த எண் அது, ஒரே வகைப் பயனர்களுக்குப் பொருந்துவது. இரண்டாம் வகுப்புக்கு ஐந்து பேர், ஐந்தாம் வகுப்புக்கு ஐந்து பேர், டீச்சர்கள் ஐந்து பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். இது சிக்கலைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணிக்கைதான். 'இத்தனை சதவீதப் பிள்ளைகள் தவறுகிறார்கள்' என்று ஐந்து பேரை வைத்து எழுதாதீர்கள்.

ஆறாம், ஏழாம் வாரங்களில் மாதிரி செய்யுங்கள். முதல் மாதிரி தாளில் இருக்கட்டும். விடைப்பெட்டி இரண்டு கட்டம், எண்கள் வெட்டிய சிறு தாள்கள். பிள்ளை எந்தக் கட்டத்தில் முதலில் வைக்கிறது என்று பாருங்கள். தாளில் பதில் கிடைத்த பிறகு கணினியைத் திறக்கலாம்.

41-க்கு என்ன தீர்வு? கர்சர் ஒன்றுகள் இடத்தில் தொடங்கலாம். அல்லது இரண்டு கட்டங்களையும் திறந்து வைத்து, பிள்ளை தொடும் கட்டத்தில் எண் விழச் செய்யலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். முதல் வழியில் எங்கே தொடங்குவது என்பதையும் திரை சொல்லிவிடுகிறது. எந்த வழியில் போனாலும் 41 மறையும், 26 மறையாது. மறையவும் கூடாது. 26 டீச்சருக்குக் கிடைக்க வேண்டிய செய்தி. பெட்டியைத் திருத்திய பிறகு அது 41-களோடு கலக்காமல் அவரிடம் போய்ச் சேரும்.

எட்டாம் வாரம் மீண்டும் களம், மீண்டும் சிலேட்டு.

கடைசி இரண்டு வாரம்

அறிக்கையை ஒவ்வொருவருக்கும் தனியாகப் பிரித்துக் கொடுங்கள். நிரலாளருக்குத் திரையின் தவறுகள், எப்படி மீண்டும் வரவழைத்துப் பார்ப்பது என்ற படிகளோடு. பாடத்திட்டக் குழுவுக்குப் பாடத்தின் தவறுகள், பிள்ளைகள் எழுதிய சிலேட்டின் படங்களோடு. மேலாளருக்கு ஒரே பக்கம். கூட்டத்தில் 'பயனர்கள் குழம்புகிறார்கள்' என்று சொன்னால் யாரும் நிமிர மாட்டார்கள். 'நான் பதினாலுதானே போட்டேன்' என்ற குரலை (ஒப்புதல் இருந்தால்) ஒலிக்க விட்டுப் பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவில் இருபது திரைகளை அடுக்க வேண்டாம். ஒரு தவறை எடுங்கள். அதை எங்கே பார்த்தீர்கள், முதலில் என்னவென்று நினைத்தீர்கள், எதனால் மனம் மாறியது, என்ன மாற்றினீர்கள், மாற்றிய பிறகு சிலேட்டில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். நீங்கள் தவறாக நினைத்த இடத்தை மறைக்காதீர்கள். நேர்காணலில் கேள்வி வருவது அங்கேதான்.

ஆய்வு செய்த பள்ளிக்குத் திரும்பிப் போய், என்ன மாறியது என்று டீச்சரிடம் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பெரும்பாலானவர்கள் போவதில்லை. அடுத்து வரும் இன்டர்னை அந்தப் பள்ளி எப்படி வரவேற்கும் என்பது இந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்தது.

பயிற்சி

இந்த வாரம் செய்து பார்க்க. உங்கள் தெருவில் மூன்றாம் அல்லது நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை போதும். வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இலவசக் கணக்குச் செயலி ஒன்றில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகள் ஐந்து கொடுங்கள். உதவ வேண்டாம்.
2. தட்டிய ஒவ்வொரு எண்ணையும், தட்டிய வரிசையில் எழுதுங்கள்.
3. எண்களை மாற்றி, அதே வகைக் கணக்குகள் ஐந்தைச் சிலேட்டிலோ தாளிலோ கொடுங்கள்.
4. ஒவ்வொரு தவறின் பக்கத்திலும் 'தி', 'பா', '?' குறியிடுங்கள்.
5. கேள்விக்குறி போட்டவற்றைப் பிள்ளையிடம் காட்டி, 'இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லிக்குடு' என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.